விமானப் பயணத்தைக் குறைக்க: சென்னையிலிருந்து கிளம்புவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பொங்கலுக்கு நான்கு நாட்கள் இருக்கும்போது மதுரைக்கு விமான டிக்கெட் வாங்குகிறவர்களில் பலர் அதை விரும்பி வாங்குவதில்லை. ரயிலில் இடம் இல்லை, ஆம்னி பஸ் கட்டணம் கூரையைத் தொட்டுவிட்டது, அம்மா ஊரில் காத்திருக்கிறார். வேறென்ன செய்வது என்று வாங்குகிறார்கள். பருவநிலை மாற்றம் பற்றிக் கவலைப்படுபவர்களும் இந்த வரிசையில்தான் நிற்கிறார்கள். ஆகவே இந்த வழிகாட்டியில் பெரும்பகுதி ரயில் முன்பதிவைப் பற்றியதாக இருக்கும். விமானத்தைத் தவிர்க்கும் முடிவு விமான நிலையத்தில் எடுக்கப்படுவதில்லை. இரண்டு மாதங்களுக்கு முன்பு ஒரு காலை எட்டு மணிக்கு எடுக்கப்படுகிறது.

நம் நாட்டில் பெரும்பாலோர் விமானத்தில் ஏறியதே இல்லை. அவர்களிடம் குறைக்கச் சொல்ல எதுவும் இல்லை. ஆண்டுக்கு நாலைந்து முறை பறக்கிற சிறு கூட்டத்துக்காகவே இது.

1. முதலில் ஒரு தாளில் கணக்கு எழுதுங்கள்

கடந்த ஆண்டு நீங்கள் பறந்த பயணங்களை மின்னஞ்சலில் தேடி எடுத்து ஒரு தாளில் எழுதுங்கள். ஊர், தேதி, எத்தனை நாட்களுக்கு முன் டிக்கெட் வாங்கினீர்கள், யார் பணம் கொடுத்தார்கள், எதற்காகப் போனீர்கள் என்று ஐந்து தகவல்கள் போதும்.

அடுத்தது கார்பன். இணையத்தில் பல கணிப்பான்கள் இருக்கின்றன. ஆளுக்கொரு எண் சொல்லும். கையாலேயே போட்டுப் பார்ப்பது நல்லது. உள்நாட்டில் அதிகம் பறக்கும் ஏ320 நியோ வகை விமானம் மணிக்கு ஏறத்தாழ 2 முதல் 2.5 டன் எரிபொருள் எரிக்கிறது. சென்னையிலிருந்து டெல்லிக்கு இரண்டே முக்கால் மணி நேரம். ஏறத்தாழ 6 டன். ஒரு கிலோ விமான எரிபொருள் எரிந்தால் 3.16 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். ஆக, ஒரு பயணத்துக்கு 19 டன். 160 பேர் ஏறியிருந்தால் ஆளுக்குச் சுமார் 120 கிலோ. போய்வர 240 கிலோ. ஓர் இந்தியரின் ஆண்டுச் சராசரி வெளியேற்றம் இரண்டு டன் அளவில் இருக்கிறது. ஒரு டெல்லி பயணம் அதில் எட்டில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது.

கதை இதோடு முடியவில்லை. உயரத்தில் விமானம் விட்டுச் செல்லும் வெண்கோடுகளும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் கூடுதல் வெப்பத்தைச் சேர்க்கின்றன. உலகின் கார்பன் டை ஆக்சைடு வெளியேற்றத்தில் விமானங்களின் பங்கு இரண்டரை விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. இந்த மற்ற விளைவுகளையும் சேர்த்தால் மனிதர்களால் ஏற்பட்ட வெப்பமேற்றத்தில் அவற்றின் பங்கு சுமார் 3.5 விழுக்காடு என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். உங்கள் தாளில் கார்பனை மட்டும் எழுதினால் போதும். உண்மைச் சுமை அதைவிட அதிகம் என்பது நினைவில் இருக்கட்டும்.

ரயிலும் சுத்தமான பிறவி இல்லை. அகலப்பாதைகள் ஏறத்தாழ முழுவதும் மின்மயமாகிவிட்டன என்றாலும் அந்த மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருகிறது. அதையும் ஏசி பெட்டியையும் சேர்த்துக் கணக்கிட்டாலும், அதே ஊருக்கு ஆளொன்றுக்கான வெளியேற்றம் விமானத்தின் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாது. ஏசி இல்லாத ஸ்லீப்பர் பெட்டியில் இன்னும் குறைவு. பெட்டிக்குள் எத்தனை பேர் என்பதும் முக்கியம்: மூன்றடுக்கு ஏசியில் 72 படுக்கைகள், இரண்டடுக்கில் ஏறத்தாழ 50, முதல் வகுப்பு ஏசியில் 24 அளவில்தான்.

தாளைப் பார்த்ததும் இரண்டு விஷயங்கள் கண்ணில் படும். ஒன்று, குறுகிய பயணங்கள் எண்ணிக்கையில் அதிகம். இரண்டு, வெளிநாடு போயிருந்தால் அந்த ஒரே வரி மற்ற எல்லாவற்றையும் விழுங்கியிருக்கும். சென்னை–லண்டன் போய்வர ஆளுக்கு ஒரு டன்னுக்கு மேல். முதல் வகைக்கு மருந்து முன்பதிவு. இரண்டாவதற்கு வேறு மருந்து. அதைக் கடைசியில் பார்ப்போம்.

2. ஓர் இரவு தூரத்தில் இருப்பவற்றை முழுவதும் விட்டுவிடுங்கள்

பெங்களூரு, கோயம்புத்தூர், மதுரை, திருச்சி, தூத்துக்குடி, திருநெல்வேலி, ஹைதராபாத். இந்த ஊர்களுக்குப் படுத்துத் தூங்கி எழுந்தால் போய்விடலாம். மலைக்கோட்டை, பாண்டியன், நெல்லை, முத்துநகர், பொதிகை, சேரன், நீலகிரி என்று இரவு ரயில்களின் பட்டியல் தென்தமிழகத்துக்கும் கொங்குநாட்டுக்கும் எப்போதும் உண்டு. ஹைதராபாத்துக்குச் சார்மினார் எக்ஸ்பிரஸ் மாலையில் கிளம்பி மறுநாள் காலை சேர்க்கும். பகலில் போகவேண்டுமானால் கோயம்புத்தூருக்கு வந்தே பாரத் ஆறு மணி நேரத்துக்குள், திருநெல்வேலிக்கு எட்டு மணி நேரத்துக்குள், மதுரைக்குத் தேஜஸ் ஆறரை மணி நேர அளவில்.

"விமானம் ஒரு மணி நேரம்தானே" என்பார்கள். பெங்களூரை எடுத்து வாசலிலிருந்து வாசல்வரை கணக்கிடுவோம். தாம்பரத்தில் வீடு, ஜெயநகரில் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். மீனம்பாக்கத்துக்கு அரை மணி. விமானத்துக்கு ஒன்றரை மணி முன்னதாகப் போயாக வேண்டும். பறப்பது ஒரு மணி. இறங்கிப் பெட்டி எடுக்க அரை மணி. பெங்களூரு விமான நிலையம் இருப்பது தேவனஹள்ளியில், நகரின் மையத்திலிருந்து ஏறத்தாழ 35 கி.மீ. வடக்கே, ஜெயநகரோ தெற்கே. நெரிசலில் ஒன்றரை முதல் இரண்டு மணி. மொத்தம் ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது.

வந்தே பாரத்தில்: தாம்பரத்திலிருந்து சென்ட்ரலுக்கு ஒரு மணி, ரயில் சுமார் நாலே கால் முதல் நாலரை மணி, பெங்களூரு ரயில் நிலையத்தின் அருகிலேயே மெட்ரோ ஏறினால் ஜெயநகருக்கு வண்டி மாறாமல் போய்விடலாம். ஆறு மணி நேரம். வித்தியாசம் அதிகம் போனால் ஒரு மணி நேரம். அந்த நாலரை மணி நேரமும் உட்கார்ந்து வேலை பார்க்கலாம், எங்கும் பெல்ட் கழற்ற வேண்டியதில்லை. உங்கள் பாதைக்கும் இப்படி ஒருமுறை கணக்கிடுங்கள். வேளச்சேரியிலிருந்து ஒயிட்ஃபீல்டு போகிறவருக்கு எண்கள் வேறாக இருக்கும்.

சின்ன விமானப் பயணங்களில் இன்னொரு சங்கதி இருக்கிறது. மேலே ஏறும்போதுதான் எரிபொருள் கொட்டுகிறது. ஏறி முடித்ததும் இறங்கத் தொடங்கிவிடுகிற பயணத்தில் ஒரு கிலோமீட்டருக்கான வெளியேற்றம் நீண்ட பயணத்தைவிட அதிகம்.

3. முன்பதிவு: இதைக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது

2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவுக் காலம் 120 நாட்களிலிருந்து 60 நாட்களாகக் குறைந்தது. பலர் இதைக் குறையாகச் சொன்னார்கள். எனக்கு இது நல்லதாகவே படுகிறது. நான்கு மாதங்களுக்கு முன் யாருக்கு எந்தத் தேதி தெரியும்? இரண்டு மாதங்களுக்கு முன் தெரியும்.

காலை எட்டு மணிக்கு அன்றிலிருந்து 60ஆவது நாளுக்கான முன்பதிவு திறக்கும். பயண நாளைச் சேர்க்காமல் எண்ண வேண்டும். ஜனவரி 13 அன்று பொங்கலுக்குக் கிளம்ப வேண்டுமானால் நவம்பர் 14 காலை எட்டு மணி. 18ஆம் தேதி திரும்ப நவம்பர் 19. திரும்பும் டிக்கெட்டை மறந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மாலை விமானம் தேடுகிறவர்களே அதிகம்; இரண்டு தேதிகளையும் நாட்காட்டியில் எழுதி, கைபேசியில் ஏழே முக்காலுக்கு அலாரம் வையுங்கள். அந்த 60 நாள் வண்டி புறப்படும் இடத்திலிருந்து கணக்கிடப்படுவது. முந்தைய நாள் எங்கோ கிளம்பி நடுவில் உங்கள் ஊருக்கு வரும் ரயிலானால், ஒரு நாள் முன்னதாகவே திறந்துவிடும்.

அலாரம் அடிப்பதற்கு முன் செய்ய வேண்டியவை: ஐஆர்சிடிசி கணக்கை ஆதாருடன் சரிபார்த்து வையுங்கள். முன்பதிவு திறக்கும்போதும் தட்கலிலும் சரிபார்க்காத கணக்கு உதவாது. குடும்பத்தினரின் பெயர், வயது ஆகியவற்றைப் பயணியர் பட்டியலில் முன்கூட்டியே சேர்த்துவிடுங்கள். எட்டு மணி ஒரு நிமிடத்துக்கு மாமியாரின் வயதைக் கேட்டுக்கொண்டிருந்தால் காத்திருப்போர் பட்டியல்தான். பணம் செலுத்த யுபிஐ அல்லது ஐஆர்சிடிசி பணப்பை. வங்கியின் கடவுச்சொல் குறுஞ்செய்தி வரும்வரை காத்திருப்பது பண்டிகைக் காலத்தில் தோற்கும் வழி.

இடம் கிடைக்காமல் பட்டியலில் விழுந்துவிட்டீர்கள் என்றால் உடனே விமானத்துக்குத் தாவ வேண்டாம். எந்தப் பட்டியல் என்று பாருங்கள். ஜிஎன்டபிள்யூஎல் என்றிருந்தால் பொதுப் பட்டியல். வண்டி கிளம்பும் ஊரிலிருந்து எடுப்பவர்களுக்கு வருவது. ரத்தாகும் இடங்கள் பெரும்பாலும் இதற்கே போகும். பிக்யூடபிள்யூஎல், ஆர்எல்டபிள்யூஎல் என்றால் நடுவிலுள்ள ஊர்களுக்கான சிறு ஒதுக்கீடு, நம்பிக்கை குறைவு. சென்னையிலிருந்து கிளம்பும் ரயில்களை முதலில் பார்ப்பது இதனால்தான். ஆர்ஏசி கிடைத்தால் தாராளமாகப் போகலாம். பக்கவாட்டுக் கீழ்ப் படுக்கையை இருவர் பகிர வேண்டியிருக்கும், பல வேளைகளில் வழியிலேயே முழுப் படுக்கை கிடைத்துவிடும். இணையத்தில் எடுத்த டிக்கெட் கடைசிவரை காத்திருப்பிலேயே இருந்தால் தானாக ரத்தாகிப் பணம் திரும்பிவிடும். அதை வைத்துக்கொண்டு ஏற முடியாது. முன்பதிவின்போது விகல்ப் திட்டத்தைத் தேர்ந்திருந்தால் அதே பாதையின் வேறொரு ரயிலில் இடம் ஒதுக்கப்பட வாய்ப்பு உண்டு.

தட்கல் வண்டி புறப்படுவதற்கு முந்தைய நாள்: ஏசி வகுப்புகளுக்குக் காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. இதை மட்டும் நம்பித் திட்டம் போடுகிறவர் கடைசியில் விமான நிலையத்தில் நிற்பார். இடம் ஒதுக்கிய பட்டியல் (சார்ட்) தயாரானபின் எஞ்சிய இடங்களைக் கரண்ட் புக்கிங்கில் எடுக்கலாம். பண்டிகை இல்லாத நாட்களில், அதுவும் பகல் ரயில்களில், இது வியப்பூட்டும் அளவுக்குக் கைகொடுக்கும்.

படுக்கை விஷயம்: 60 வயது கடந்த ஆண்களும் 45 வயது கடந்த பெண்களும் தனியாகவோ இருவராகவோ போனால் கீழ்ப் படுக்கைக்கான ஒதுக்கீட்டில் பதிவு செய்யலாம். பெரிய குடும்பமாக ஒரே டிக்கெட்டில் பாட்டியையும் சேர்த்தால் இந்த ஒதுக்கீடு போய்விடும். "அப்பாவுக்கு மேலே ஏற முடியாது, அதனால் விமானம்" என்று சொல்பவர்கள் முதலில் பெற்றோருக்குத் தனி டிக்கெட் எடுத்துப் பார்க்கட்டும்.

4. ரயில் இல்லையென்றால் பஸ். தனி ஆளாகக் கார் வேண்டாம்

அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகப் பஸ்கள் கிளாம்பாக்கத்திலிருந்து தெற்கே எல்லா ஊர்களுக்கும் போகின்றன. 500 கி.மீ. தூரத்துக்கு ஒரு பஸ் 125 லிட்டர் அளவில் டீசல் குடிக்கும், லிட்டருக்கு 2.7 கிலோ வீதம் 340 கிலோ. 35 பேர் இருந்தால் ஆளுக்குப் பத்து கிலோதான்.

காரில் தனியாகப் போனால்? லிட்டருக்கு 15 கி.மீ. ஓடும் பெட்ரோல் காருக்கு 33 லிட்டர், 2.3 கிலோ வீதம் 76 கிலோ. கோயம்புத்தூர் விமானத்தில் ஆளுக்கு ஆகும் கார்பனும் இதைத் தாண்டாது. விமானத்தை விட்டுவிட்டேன் என்று தனியாளாக நெடுஞ்சாலையில் காரோட்டுவதில் பெரிய புண்ணியம் எதுவும் இல்லை. நாலு பேர் நிறைந்த கார் வேறு கதை.

5. டெல்லி, மும்பை, கொல்கத்தா: ஒரு வழியாவது தரையில்

இந்த ஊர்களுக்கு எல்லாப் பயணத்தையும் ரயிலில் போகச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். சென்னை–டெல்லி பாதை 2,180 கி.மீ. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் இரவு பத்து மணியளவில் கிளம்பி மூன்றாம் நாள் காலையில் சேர்கிறது. ஆனால் நாட்களைச் சரியாக அடுக்கினால் இதில் விடுப்பே தேவையில்லை. வெள்ளி இரவு ஏறினால் ஞாயிறு காலை டெல்லி. திங்கள் வேலை தொடங்கலாம். திரும்பும்போது அவசரமிருந்தால் பறந்து வாருங்கள். வெளியேற்றத்தில் மூன்றில் ஒரு பங்காவது குறைந்திருக்கும். மும்பைக்கு ஏறத்தாழ ஒரு பகலும் ஓர் இரவும். கொல்கத்தா பக்கம் போகும் கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு ஒரு நாளுக்குச் சற்று மேல்.

இன்னும் பெரிய மிச்சம் இரண்டு பயணங்களை ஒன்றாக்குவதில் இருக்கிறது. மார்ச்சில் நண்பர் வீட்டுக் கல்யாணம், ஏப்ரலில் அலுவலகக் கூட்டம், இரண்டும் டெல்லியில் என்றால், கூட்டத்தின் தேதியை நகர்த்த முடியுமா என்று ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டுவிடலாம். கேட்காமல் இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் கூச்சம்.

துக்க வீட்டுக்குப் போக வேண்டியிருந்தால் யோசிக்காமல் பறந்து போங்கள். அங்கே கார்பன் கணக்கு பார்ப்பது அழகல்ல. உங்கள் தாளில் அப்படிப்பட்ட வரிகள் எத்தனை என்று பாருங்கள். மிகச் சிலவே இருக்கும்.

6. அலுவலகத்திடம் பேசுவது எப்படி

வேலைக்காகப் பறப்பவர்களுக்குத் தடையாக இருப்பது நிறுவனத்தின் பயண விதிகள். பல இடங்களில் விமான டிக்கெட் கேள்வியே இல்லாமல் கிடைக்கும். முதல் வகுப்பு ஏசிக்குத்தான் விளக்கம் கேட்பார்கள். மேலாளரிடம் பருவநிலையில் தொடங்காதீர்கள். செலவில் தொடங்குங்கள்: இரவு ரயிலில் போனால் ஒரு விடுதி வாடகை மிச்சம், விமான நிலையத்துக்குப் போய்வரும் இரண்டு வாடகைக் கார்கள் மிச்சம். இரண்டு கோரிக்கைகள் வையுங்கள். ஒன்று, ரயிலில் இருக்கும் பகல் நேரத்தை வேலை நேரமாகக் கணக்கிட வேண்டும். இரண்டு, காலையில் இறங்கியதும் குளித்து உடைமாற்ற விடுதியறையோ ஓய்வறையோ அரை நாளுக்குத் தர வேண்டும். இந்த இரண்டாவது இல்லாததால்தான் இரவு ரயிலை ஒருமுறை முயன்றவர்கள் மறுபடி விமானத்துக்குத் திரும்புகிறார்கள்.

ஒரு மணி நேரக் கூட்டத்துக்காக யாரும் மும்பை போகவேண்டிய அவசியம் இல்லை என்பதைக் கொரோனா காலமே காட்டிவிட்டது. அதை இங்கே விரிக்கவில்லை.

7. வெளிநாடு: அரிதாகப் போய், நிறைய நாட்கள் தங்குங்கள்

சிட்னிக்கோ டொரன்டோவுக்கோ ரயில் கிடையாது. இங்கே உங்கள் கையில் இருப்பது எத்தனை முறை போகிறீர்கள் என்பது மட்டுமே. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் பெற்றோருக்கு ஆண்டுக்கொரு முறை மூன்று வாரத்துக்குப் பதில், இரண்டு ஆண்டுகளுக்கொரு முறை மூன்று மாதம் என்று மாற்றினால் கார்பன் பாதியாகும், பேரக்குழந்தையோடு இருக்கும் நாட்கள் கூடும். தாத்தா பாட்டியின் உடம்புக்கும் நேர வேறுபாட்டை ஒருமுறை தாங்குவது எளிது. வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருகிறவர்களுக்கும் இதே கணக்குதான். வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதிக்கும் நிறுவனமானால் விடுப்போடு சில வார வேலையையும் இங்கிருந்தே செய்யக் கேட்டுப் பாருங்கள்.

போவதென்று முடிவானபின் செய்யக்கூடியவை சிறியவைதான், ஆனாலும் செய்யலாம். நேரடி விமானம் இருந்தால் அதில் போங்கள். வளைந்து சுற்றி இரண்டு முறை ஏறி இறங்கும் பாதை எரிபொருளைக் கூட்டும். பிசினஸ் வகுப்பில் ஓர் இருக்கை சாதாரண இருக்கைகள் இரண்டு மூன்றின் இடத்தை அடைப்பதால் சுமையும் அதே மடங்கு. இரவில் உண்டாகும் வெண்கோடுகள் வெயிலைத் திருப்பி அனுப்பாமல் வெப்பத்தை மட்டும் பிடித்து வைப்பதால் பகல் விமானம் மேல்; கிடைத்தால் எடுங்கள், இல்லையென்றால் கவலை வேண்டாம்.

டிக்கெட் வாங்கும்போது சில இணையதளங்கள் நூறு இருநூறு ரூபாய்க்கு உங்கள் கார்பனை "ஈடு செய்துவிடுவதாக" ஒரு கட்டத்தைக் காட்டும். விரும்பினால் நன்கொடையாகக் கொடுங்கள், தாளில் கழிக்காதீர்கள். இன்று எரிந்த எரிபொருளின் கார்பன் நூற்றாண்டுகள் காற்றில் இருக்கும். நாளை நடும் மரம் வளர பல பத்தாண்டுகள் ஆகும், நடுவில் அது வெட்டப்படலாம், தீப்பிடிக்கலாம். பசுமை விமான எரிபொருளையும் இப்போதைக்கு நம்பியிருக்க முடியாது: பன்னாட்டு விமானங்களில் 2027இல் 1 விழுக்காடு, 2030இல் 5 விழுக்காடு கலப்பது என்பதே இந்தியாவின் இலக்கு. மீதி 95 விழுக்காடு பழைய எண்ணெய்தான்.

8. யாழ்ப்பாணத்துக்கு

எழும்பூரில் ரயிலேறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் இறங்கி மீண்டும் ரயிலேறும் வழி 1964 டிசம்பர் புயலோடு போனது. இப்போது நாகப்பட்டினத்துக்கும் யாழ்ப்பாணத்தை அடுத்த காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் உண்டு. 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கியது. கடலில் நான்கு மணி நேர அளவு. நாகப்பட்டினம்வரை இரவு ரயிலில் போய்விடலாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இத்தகைய அதிவேகக் கப்பல்கள் எரிபொருளை அள்ளிக் குடிப்பவை. சென்னையிலிருந்து பறப்பதோ சுழலி வைத்த சிறிய ஏடிஆர் விமானம்; ஜெட் விமானத்தைவிடச் சிக்கனமானது. கப்பல் நிரம்பிப் போகும் நாட்களில்தான் கார்பனில் சொல்லும்படியான மிச்சம் இருக்கும். டெல்டாவில் வீடு இருப்பவர்களுக்குச் சென்னைவரை வரும் பயணமும் மிச்சம் என்பதால் கப்பலே பொருத்தம். சென்னைவாசிகள் கட்டணத்தையும் பெட்டிகளின் எடை வரம்பையும் பார்த்து முடிவு செய்யலாம். வடகிழக்குப் பருவமழையின்போது சேவை நிறுத்தப்படுவது வழக்கம் என்பதால் நவம்பர், டிசம்பர் பயணத்துக்கு இதை நம்பி விடுப்பு எடுக்க வேண்டாம்.